மூன்றாவது பட்டன்

பக்கவாதத்தில் இடது கை சோர்ந்துபோன பஸ் டிரைவர் சட்டையின் மூன்றாவது பட்டனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த மாணவிக்குக் கை துறுதுறுத்தது. நோயாளிகளை அன்றாட வேலைகளுக்கு மறுபடி பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியில், இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த படிப்பு அவளுடையது. இன்றைய தேர்வில் தேறினால்தான் முதுநிலைக்குப் போகலாம். பட்டனை நோயாளியே போட வேண்டும். அவள் வாயால் மட்டும்தான் உதவலாம். போன தடவை பொறுக்கமாட்டாமல் தானே பட்டனைப் போட்டுவிட்டுக் கோட்டைவிட்டிருந்தாள்.

"இடது கையால துணியைப் பிடிச்சுக்கோங்க சார்."

"எவ்வளவு பெரிய பஸ்ஸை வளைச்சு ஓட்டினவன் நான்! இந்த எழவெடுத்த பட்டன் வளைய மாட்டேங்குதே!"

பட்டன் பாதி நுழைந்த நேரத்தில் அவர் மனைவி உள்ளே வந்தாள். கண்மூடித் திறப்பதற்குள் அதைப் போட்டுவிட்டாள்.

"மனுஷன் தவிக்கிறார், வேடிக்கை பாக்குறியே! இதுக்கா இத்தனை வருஷப் படிப்பு?"

மாணவிக்கு அழுகை முட்டியது. மதிப்பெண் போட மூலையில் உட்கார்ந்திருந்த ஆசிரியை ஏதோ எழுதத் தொடங்கினார்.

"சும்மா இருடி! பாதி வந்துடுச்சு, கெடுத்துட்டியே!" மனைவி மேல் எரிந்து விழுந்த டிரைவர், வலது கையால் பட்டனை வெடுக்கென்று கழற்றினார். "நீ சொல்லும்மா. முதல்லேர்ந்து."

ஆசிரியையின் பேனா நின்றதா, ஓடியதா என்று மாணவி திரும்பிப் பார்க்கவில்லை. தன் அழுகைமீதே வந்த எரிச்சலோடு மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"துணியைப் பிடிங்க சார்."