பைக்கும் மஸ்த், எனக்கும் மஸ்தா?

ராஹிலுக்கு எல்லாமே மஸ்த்தான். பிரியாணி மஸ்த், பட்டறைக்குப் புதிதாக வந்திறங்கிய தோல் மஸ்த், மாட்டுங்காவில் குடித்த காபியும் மஸ்த். தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவன்; மனதைப் பிடித்து இழுக்கிற எதற்கும் அவன் வாயில் அந்த ஒரு இந்திச் சொல்தான். மேலப்பாளையத்தில் அவனுக்குப் பெண் கேட்டிருந்த அஸ்ரின், பெருநாள் உடுப்பில் எடுத்த படத்தை அனுப்பியபோதும் அதையேதான் சொன்னான்.

பெண்வீட்டார் இன்னும் சம்மதம் சொல்லியிருக்கவில்லை. அவனோடு பேசிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அஸ்ரின் தன் வாப்பாவிடம் தவணை கேட்டிருந்தாள். பட்டறையில் தைத்த தோல்பையைக் காட்டி முந்தின நாள்தான் அவன் மஸ்த் என்றிருந்தான். "பைக்கும் மஸ்த், எனக்கும் மஸ்தா?" என்று கேட்டவள், அதன்பிறகு போனை எடுக்கவில்லை.

பயந்துபோய், திலக் நகரில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா மெஹராஜ் லாத்தாவிடம் ஓடினான்.

"வச்ச கண்ண எடுக்க முடியலைன்னா, சொக்குதுன்னு சொல்லணும்ல," என்றாள் அவள். "கண்டதுக்கும் சொல்லிராத. அது பிரியாணிக்கு ஆகாது."

மறுநாள் மதியம் அஸ்ரின் ஒருவழியாகப் போனை எடுத்தாள். சொக்குது என்று பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னான். மறுமுனையில் சிரிப்பு. யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாள். லாத்தாதான் என்று ஒப்புக்கொண்டான்.

"சரி. எப்பச் சொக்கிச்சு? அதச் சொல்லுங்க."

அதற்கு லாத்தா ஒன்றும் சொல்லித் தரவில்லை. தட்டுத்தடுமாறி நடந்ததையே சொன்னான். பை வாரின் இரண்டு பக்கமும் சொலூஷன் பூசி, லேசாகக் காய்ந்ததும் அழுத்தி ஒட்ட வேண்டும். பூசிவிட்டுக் காத்திருந்தபோது அவள் படம் வந்தது. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டான். நிமிர்ந்தபோது சொலூஷன் முழுக்கக் காய்ந்திருந்தது, வார் ஒட்டவில்லை. சுரண்டிவிட்டு மறுபடி பூசினான். மறுபடியும் காய்ந்தது. பட்டறைக்காரர் சலாவுதீன் மாமா தெருவுக்கே கேட்கும்படி ஏசினார்.

"ரெண்டாந் தடவையுமா?"

"ஆமா. மாமா போனப் பிடுங்கி வச்சப்புறந்தான் ஒட்டிச்சு."

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"ஒங்க வீட்டுல தண்ணி எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்டாள், குரலைத் தாழ்த்தி. "நா வந்தப்புறம் பிடிச்சு வைக்கணும்லா?"

விடியற்காலையில் வரும், தானே பிடித்து வைப்பதாகச் சொன்னான் ராஹில்.