ஜப்பான் குழம்பு கெட்டிப்படும் முன்

இந்தக் காலத்து ஆட்களுக்குச் சோற்றையும் குழம்பையும் பிசையக்கூடக் கையில் வலுவில்லை. சோற்றை ஒரு பக்கம் தள்ளுகிறார்கள். குழம்பை ஒரு பக்கம் ஊற்றுகிறார்கள். நடுவில் கோடு கிழித்தாற்போல் விட்டுவிட்டு, ஸ்பூனால் கிள்ளிக் கிள்ளித் தின்கிறார்கள். கேட்டால், ஜப்பானில் அப்படித்தான் என்கிறார்கள். உங்களில் ஜப்பானுக்குப் போனவன் எவன் என்று சவரிமுத்து கேட்டார்.

மருமகள் பெனிட்டா ஜப்பான் குழம்பு வைத்த அன்று வீடும் அப்படித்தான் ஆயிற்று. பாதி வீடு சோறு. பாதி வீடு குழம்பு. சவரிமுத்து சோற்றுப் பக்கம் மாட்டிக்கொண்டார். அவர் மனைவி ரோணிக்கம் குழம்புப் பக்கம் நின்றாள்.

முதல் தடவை வைக்கிற வீடுகளில் இப்படி ஆவதுதான் என்றாள் பெனிட்டா.

குழம்பு வந்த விதமே சவரிமுத்துவுக்குப் பிடிக்கவில்லை. மகன் கில்பர்ட் ஒரகடத்தில் ஒரு ஜப்பான்காரன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அங்கே மேனேஜர் ஊருக்குப் போய்விட்டு வந்து ஓர் அட்டைப் பெட்டியைக் கொடுத்தாராம். பெட்டிக்குள் குழம்பு கட்டியாக இருந்தது. சாக்லேட் மாதிரி பள்ளம் பள்ளமாக வரி. வெங்காயம், கேரட், உருளைக்கிழங்கு, கோழிக்கறி எல்லாம் வெந்ததும், அடுப்பை அணைத்துவிட்டுக் கட்டியை உடைத்துப் போட்டால் போதுமாம். அடுப்பை அணைத்த பிறகு என்ன சமையல்? புளி கிடையாது. கடுகு வெடிக்கவில்லை. போதாததற்குப் பெனிட்டா ஆப்பிளைத் துருவிப் போட்டாள். சோற்றைக் கஞ்சி வடிக்காமலே இறக்கினாள்.

சவரிமுத்து தூத்துக்குடி துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பமாட்டார். ஓரத்தில் குத்திப் பார்ப்பார். கட்டியையும் நகத்தால் கீறிப் பார்த்தார். அது ஒன்றும் சொல்லவில்லை.

கோடு ஹாலின் நடுவே ஓடியது. டி.வி. சோற்றுப் பக்கம், ஃபிரிட்ஜ் குழம்புப் பக்கம். கோட்டின் மேல் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அபார்ட்மென்ட் வாட்ச்மேன் பாலகுரு உட்கார்ந்திருந்தான். கழுத்தில் விசில். கையில் ஒரு ஸ்பூன்.

“கேட்ல நிக்காம இங்க என்னவே பண்ணுதே?”

“இன்னைக்கு டூட்டி இங்க போட்டுட்டாங்க பெரியவரே.”

“யாரு போட்டா?”

“போடுறவங்கதான்.”

“நல்லது. என் பொண்டாட்டி அந்தப் பக்கம் நிக்கா. கூட்டிட்டுப் போறேன்.”

“கலக்கக் கூடாது பெரியவரே.”

ரோணிக்கம் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு குழம்பில் நின்றாள். முகத்தில் பதற்றம் எதுவும் இல்லை. சர்ச்சில் பூசை தொடங்கக் காத்திருப்பவள் போல இருந்தாள்.

“சுடுதாட்டி?”

“வெதுவெதுன்னுதான் இருக்கு. கால் வலிக்குச் சொகமா இருக்கு.”

அவளுக்குப் பக்கத்தில் மேல்வீட்டு ராமபத்ரன் சார், நெஞ்சளவு குழம்பில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் உருளைக்கிழங்கு ஆகியிருந்தார். தோல் சீவியிருந்தது. பெரிய துண்டு.

“நீங்க எப்ப சார் கிழங்கானிய?”

“மத்தியானம்.”

“வீட்ல தேட மாட்டாவளா?”

“இன்னும் வேகலை. வெந்தப்புறம் சொல்லிக்கலாம்னு இருக்கேன்.”

அடுப்படியிலிருந்து பெனிட்டா குரல் கொடுத்தாள். “மாமா, குழம்பு கெட்டியாயிட்டு வருது. கெட்டியாயிட்டா யார் எங்க நிக்கிறாங்களோ அங்கதான். அத்தையைக் கூப்பிடணும்னா இப்பவே கூப்பிடுங்க.”

“அங்கதான்னா? எம்புட்டு நாளைக்கு?”

“அதை எப்படி மாமா சொல்றது? கெட்டியானா கெட்டிதானே.”

சவரிமுத்து சுற்றுவழி தேடினார். படுக்கையறை வழியாகப் பால்கனிக்குப் போய், அங்கிருந்து அடுப்படி ஜன்னலை எட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டார். சோற்றின் மேல் நடந்தார். வடிக்காத சோறு. ஒவ்வோர் அடிக்கும் காலைப் பிடித்து இழுத்தது. அவர் நடக்க நடக்கப் படுக்கையறைக்குப் போகும் வழி நீண்டது. கோடியில் கதவு தீப்பெட்டி அளவில் தெரிந்தது. அதன் முன்னால் ஆவி பறந்தது. மூச்சு வாங்க நின்று திரும்பிப் பார்த்தார். கோடு கூடவே வந்திருந்தது. பாலகுருவும் நாற்காலியோடு வந்திருந்தான்.

“சுத்து வழி கிடையாது பெரியவரே.”

“பெறவு என்னதாம்வே வழி?”

“ஒரு வாய் சாப்பிட்டு, நல்லா இருக்குன்னு சொல்லணும். நீங்க சொன்னா அம்மா வரலாம்.”

“அம்புட்டுதானா?”

“அவ்வளவுதான்.”

ரோணிக்கம் மின்விசிறியைப் பார்த்தாள். பெனிட்டாவின் அகப்பை நின்றுவிட்டது.

அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சவரிமுத்து எந்தச் சாப்பாட்டையும் நல்லா இருக்கு என்று சொன்னதில்லை. அவர் அப்பாவும் சொன்னதில்லை. அவர்கள் குடும்பத்து ஆண்கள் உட்காருவார்கள், பிசைவார்கள், தின்பார்கள். உப்புக் குறைந்தால் தட்டை ஒரு விரல்கடை தள்ளி வைப்பார்கள். தள்ளி வைக்கவில்லை என்றால் பெண்கள் அதைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். கில்பர்ட் கல்யாணத்தில் சம்பந்தி ஓடிவந்து பிரியாணி எப்படி என்று கேட்டதற்கு இவர், “ஆமா” என்றார். சம்பந்தி இன்றுவரை அதை யோசித்துக்கொண்டிருக்கிறார்.

“வேற ஏதாவது சொன்னா ஆகாதா?”

“ஆகாது பெரியவரே.”

“சும்மா ஒரு வார்த்ததான?” என்றாள் ரோணிக்கம். “பொய்யாவாது சொல்லுங்க.”

“பொய் சொல்லிப் பழக்கமில்லட்டி எனக்கு.”

“உண்மையும் சொன்னதில்லையே.”

ராமபத்ரன் சார் பேப்பருக்குப் பின்னால் சிரித்தார். சிரித்ததில் ஒரு பக்கம் கொஞ்சம் வெந்தார்.

ரோணிக்கம் ஒரு காலைத் தூக்கப் பார்த்தாள். மெதுவாகத்தான் வந்தது. குழம்பு அதற்கு முன்னால் அவ்வளவு கனமாக இல்லை. சவரிமுத்து அதைப் பார்த்துவிட்டார்.

பாலகுரு ஸ்பூனை நீட்டினான். அவர் அதை ஒதுக்கித் தள்ளினார். குந்தி உட்கார்ந்து, இந்தப் பக்கத்திலிருந்து ஒரு பிடி சோறு அள்ளினார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை குழம்பு அள்ளினார். கோட்டின் மேலேயே வைத்துப் பிசைந்தார்.

பாலகுரு விசிலை எடுத்து ஊதினான். “பெரியவரே! கோடு! கோடு!”

அவர் பிசைந்த இடத்தில் கோடு இல்லை. ஆள் நிற்கிற அளவுக்குத் தரை, வெள்ளையாகவும் இல்லாமல் பழுப்பாகவும் இல்லாமல் கிடந்தது. அவர் அதைக் கவனிக்காமல் உருண்டையை வாயில் போட்டார்.

முதலில் தித்தித்தது. அவருக்குக் கோபம் வந்தது. பிறகு காரம் வந்தது. துட்டி கேட்க இழவு வீட்டுக்குப் பிந்தி வந்தவன் போலச் சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்றது. கறி வெந்திருந்தது. எல்லோரும் அவர் தொண்டையையே பார்த்தார்கள். அது ஏறி இறங்கியது. வாயைத் திறந்தார். என்னவோ ஒன்று நாக்கு நுனிவரைக்கும் வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, உள்ளே போய்விட்டது.

“உப்பு போதும்” என்றார்.

“அது விடை இல்ல பெரியவரே.”

“அதான் தம்பி விடை” என்றாள் ரோணிக்கம். அவள் குரல் மாறியிருந்தது. “நாப்பது வருசமா அம்மியில அரைச்சும் மிக்சில அரைச்சும் போட்டிருக்கேன். அந்த ரெண்டு வார்த்தயக்கூடச் சொன்னதில்ல மனுசன். கட்டிய ஒடச்சுப் போட்டதுக்குச் சொல்லுதாரு.”

சவரிமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. இவளை மீட்கத்தானே தின்றோம், இவள் எதற்குக் கோபப்படுகிறாள் என்று யோசித்தார்.

பாலகுரு போனை எடுத்தான். “சார், உப்பு போதும்னு சொல்றார். ஆமா சார். இல்ல சார், அதுக்கு மேல வரமாட்டேங்குது. சரி சார்.” போனை வைத்தான். “பாதி ஒத்துக்கிட்டாங்க. அம்மா பாதி தூரம் வரலாம்.”

ரோணிக்கம் நடந்து வந்தாள். பிசைந்த இடத்தில் வந்து நின்றாள். அதற்கு மேல் அவள் கால் எழும்பவில்லை. எட்டிப் பிடிக்கிற தூரம்தான். அவளுக்குப் பின்னால் குழம்பு சத்தமில்லாமல் கெட்டியாயிற்று. ராமபத்ரன் சார் பேப்பரை மடித்துவைத்துவிட்டு, “வெந்தாச்சு” என்றார். அவரை யாரும் கேட்கவில்லை.

“மிச்சத்தையும் சொல்லுங்க” என்றாள் ரோணிக்கம். “இந்தக் குழம்புக்கு வேண்டாம். எங்குழம்பு எப்படி இருந்துச்சு, அதச் சொல்லுங்க. நான் வந்துருதேன்.”

“தின்னேம்லா?”

“அது தெரியும்.”

“ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னேம்லா?”

“அதுவும் தெரியும்.”

பாலகுரு போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். பெனிட்டா அகப்பையோடு வந்து நின்றாள். வெந்த கிழங்கும் எட்டிப் பார்த்தது. ரோணிக்கம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சவரிமுத்து முழங்காலில் கை ஊன்றி எழுந்தார்.

“வாட்ச்மேன் நிக்கான், மருமவ நிக்கா, ஒரு கிழங்கு நிக்குது. இத்தன பேரக் கூட்டி வச்சிக் கேட்டா எவன்ட்டி சொல்லுவான்?”

“சரி. எல்லாரையும் போகச் சொல்லட்டா?”

அவர் திரும்பிச் சோற்றின் மேல் நடந்தார்.

“எங்க போறிய?”

“சும்மா.”

வழி நீண்டுகொண்டே போனது. அவர் அதையும் பொருட்படுத்தவில்லை. கட்டியை உடைத்துப் போட்டால் குழம்பு, வாயால் சொன்னால்தான் சாப்பாடு. இதையெல்லாம் நம்புகிறவன் நம்பட்டும். அவள் இன்னும் அங்கேயேதான் நிற்பாள் என்று அவருக்குத் தெரியும். திரும்பிப் பார்க்காமல் நடந்தார். நடந்தபடியே விரல்களை ஒவ்வொன்றாக நக்கினார். கை பிசுபிசுத்தது, அதனால்தான்.