பொருந்தாத நாற்பத்தொரு படங்கள்

மருத்துவமனையின் பழைய ஸ்கேன் படங்களை டிஸ்க்கிலிருந்து டேப்புக்கு மாற்றுவது அவள் வேலை. அந்த வேலையை வாங்கித் தந்தவர் அக்காவின் கணவர். மேலதிகாரியும் அவரே. வீட்டில் அத்தான், ஆபீஸில் சார். வேலை வாங்கித் தந்ததை அவர் சொல்லிக்காட்டாத நாளே இல்லை.

ஒவ்வொரு படத்துக்கும் செக்சம் என்று ஓர் எண் எடுப்பார்கள். படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். மாற்றுவதற்கு முன் எடுத்த எண்ணும் பின் எடுத்ததும் ஒன்றாக இருந்தால்தான் டிஸ்க்கில் உள்ளதை அழிக்கலாம். நேரம் பிடிக்கிறதென்று அத்தான் போன வாரம் அந்தச் சரிபார்ப்பை நிறுத்தச் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டுத் தன் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டே வந்தாள். நாற்பத்தொரு படங்களில் எண் பொருந்தவில்லை.

"சார், டேப்ல போனது சரியில்ல. இன்னிக்கு அழிக்க வேண்டாம்."

"உன்னை யாரு பாக்கச் சொன்னது?" அவர் திரும்பக்கூட இல்லை. "மதியத்துக்குள்ள டிஸ்க் காலியாகணும்."

"நாப்பத்தொண்ணு பொருந்தல."

"ரெண்டு லட்சத்துல நாப்பத்தொண்ணு. உங்கக்கா முகத்துக்காக உள்ள விட்டேன். என் தலையிலயே ஏறி உக்காராத."

அவளுக்குக் காது சுட்டது. டேப்பிலிருந்து ஒரு படத்தை எடுத்துத் திறந்தாள். யாருடையதோ நுரையீரல், பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் பட்டை. டிஸ்க்கில் இருந்த அதே படத்தைப் பக்கத்தில் வைத்தாள். சாம்பல் இருந்த இடத்தில் சின்னதாக ஒரு கட்டி தெரிந்தது.

அவர் முகம் சுண்டியது.

"பழைய படம். யாரும் கேட்டு வரப்போறதில்ல. உன் பாஸ்வேர்டப் போடு."

அழிக்க இருவரின் பாஸ்வேர்டும் வேண்டும்.

"போட மாட்டேன்."

"வேலைய விட்டுப் போகத் தயாரா?"

அவர் எதிரிலேயே ஸ்கேன் பிரிவின் தலைமை மருத்துவருக்குப் போன் போட்டாள். அந்த அம்மாள் இறங்கி வந்து இரண்டு படங்களையும் பார்த்தார்.

"சரிபாக்க வேண்டாம்னு சொன்னது யாரு?"

"சார்தான்," என்றாள் அவள்.

அழிப்பது நின்றது. மாற்றும் இயந்திரத்தில் ஒரு மெமரி சிப் பழுதென்று மறுநாள் தெரிந்தது. அத்தானை வேறு பிரிவுக்குத் தூக்கினார்கள்.

அன்று சாயங்காலமே அக்கா கூப்பிட்டாள். "சொந்த அத்தான காட்டிக் குடுத்துட்டியேடி. இனிமே இந்த வாசல மிதிக்காத."

"அக்கா, அது நோயாளிங்களோட..."

போன் துண்டிக்கப்பட்டது.

மெமரியை மாற்றிவிட்டு எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினாள். நாற்பத்தொன்றும் பொருந்தின. அதை யாரிடம் சொல்வதென்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.