தடியனின் எச்சில்

தெருவில் அவளைப் பூனைக்காரி என்பார்கள். மாடி அறையில் ஐந்து பூனைகள். பாதிக் குடும்பம் அவற்றின் குட்டிகளை விற்ற காசில்தான் ஓடியது. ஆனாலும் சான்றிதழ் இல்லாமல் ஒரு குட்டியையும் படியிறக்க மாட்டாள். இந்த நீளமுடிப் பூனைகளுக்கு இதயச் சுவர் தடிக்கும் நோய் வம்சத்தில் வரும். பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்புறம் தேய்த்து எச்சிலை ஆய்வகத்துக்கு அனுப்பினால், அந்த மரபணுக் கோளாறு உண்டா இல்லையா என்று எழுதி அனுப்புவார்கள். தாய்க்கும் தகப்பனுக்கும் 'இல்லை' என்று வந்த தாள்களைச் சட்டம் போட்டு வாசலுக்கு எதிரே மாட்டியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை கால்நடை மருத்துவர் கூப்பிட்டனுப்பினார்.

"உங்ககிட்ட வாங்கின குட்டி. மூச்சு வாங்குதுன்னு ஒரு தையல்காரம்மா தூக்கிட்டு வந்தாங்க. ஸ்கேன்ல சுவர் தடிச்சிருக்கு. மரபணு டெஸ்டும் பண்ணிட்டேன். கோளாறு இருக்கு."

"அம்மாவுக்கும் இல்ல, அப்பாவுக்கும் இல்லையே டாக்டர்?"

"அப்ப வானத்துலேர்ந்தா வந்துச்சு? உங்க ரெண்டு தாள்ல ஒண்ணு பொய். எச்சில் எடுத்தது யாரு?"

பூனைக்காரிக்கு அக்கா வீட்டில் செத்த குட்டிதான் நினைவுக்கு வந்தது. அதுவும் அதே தகப்பனுடையது. ஒன்பது நாளைக்கு முன், சாப்பாட்டு மேசையில் ஏறியதை அத்தான் செய்தித்தாளால் விரட்ட, குதித்த இடத்திலேயே அலறி, பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு செத்தது. அன்றிலிருந்து அக்கா அத்தானோடு பேசுவதில்லை. அவர் கூடத்துச் சோபாவில் படுக்கிறார்.

அதைச் சொன்னாள். மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். "விரட்டினா பூனை சாகாதும்மா. நீங்க சொல்றதைப் பார்த்தா அதுவும் இதயம்தான். ரத்தக்கட்டி காலுக்கு இறங்கியிருக்கும்."

தாய்க்கு அவளே எச்சில் எடுத்தாள். தகப்பன் பூனைக்கு, மாப்பிள்ளை என்று அவள் கூப்பிடுபவனுக்கு, எடுத்த அன்று அவளுக்குக் காய்ச்சல். எடுத்தது புருஷன், மின்வாரியத்தில் மீட்டர் அளவு எடுப்பவர். மதியச் சாப்பாட்டில் இருந்தவர் எதிரே போய் நின்றாள்.

"அன்னைக்கு மாப்பிள்ளை வாயிலதானே எடுத்தீங்க?"

"எங்க திறந்தான்? கையைக் கிழிச்சுட்டான். தடியன் பக்கத்துல சும்மாதான் கிடந்தான்."

தடியன் மாப்பிள்ளையோடு பிறந்தவன்; கருத்தடை செய்து, தின்பதையும் தூங்குவதையும் தவிர வேறு வேலை இல்லாதவன்.

"தடியன் எச்சிலையா அனுப்பினீங்க?"

"ஒரே வயித்துல பொறந்ததுங்கதானே? அதுக்கு இல்லன்னா இதுக்கும் இருக்காது."

"பூட்டின வீட்டுக்குப் பக்கத்து வீட்டு மீட்டரைப் பார்த்து எழுதிட்டு வருவீங்களே, அந்தப் புத்தி! உங்க தங்கச்சியும் நீங்களும் ஒரே வயிறுதானே? அவளுக்குச் சர்க்கரை இருக்கு. உங்களுக்கு இருக்கா?"

"கத்தாதேடி. ரெண்டு வருஷமா எவனாவது கேட்டானா? சட்டம் போட்டு மாட்டினது நீ."

அவள் கைப்பேசியை எடுத்துப் பையில் போட்டாள்.

"அக்காகிட்ட சொல்லப் போறேன்."

"சொல்லு. நாளைக்கே ஊர் பூரா தெரியும். அப்புறம் குட்டியை எவன் வாங்குவான்? உங்க அக்கா வாங்குவாளா?"

அக்கா வீட்டில் பூனையின் தண்ணீர்க் கிண்ணம் இன்னும் கதவோரம் இருந்தது. அத்தான் சோபாவில் தலையணையை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். பூனைக்காரி உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னாள். புருஷனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று வழியெல்லாம் நினைத்து வந்தவள், அவர் பூனை மாற்றி எச்சில் எடுத்ததையும் சேர்த்தே சொல்லிவிட்டாள்.

அக்கா கதவோரக் கிண்ணத்தை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"அப்போ நான் இனிமே கட்டில்ல படுக்கலாமா?" என்றார் அத்தான். யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

"கொலைகாரன்னு சொல்லிட்டேனேடி இவரை," என்றாள் அக்கா. "உன் தாளை நம்பி."

"எனக்கும் இன்னைக்குத்தான்க்கா தெரியும்."

"இப்ப தெரிஞ்சிடுச்சில்ல? மாப்பிள்ளையோட குட்டி இன்னும் எத்தனை வீட்டுல இருக்கு?"

"பதினொண்ணு."

"போனை எடு. என் முன்னாடி பண்ணு. வீட்டுக்குப் போனா உன் புருஷன் உன் வாயைக் கட்டிடுவான்."

பட்டியலில் முதலில் இருந்தவர் வங்கிக் காசாளர். ஒரே மணியில் எடுத்தார்.

"சொல்லுங்கம்மா! நூறு ஆயுசு உங்களுக்கு. இப்பத்தான் பேசிட்டிருந்தோம். நம்ம பய அப்பாவாயிட்டான்! நாலு குட்டி! உங்க சான்றிதழைக் காட்டித்தான் பொண்ணு வீட்டுல சம்மதமே வாங்கினோம்."

"அந்தச் சான்றிதழ்..." என்றாள். "அது வேற பூனையோட எச்சில், சார்."

மறுமுனையில் ஒரே சிரிப்பு; அவள் கேலி பேசுவதாக நினைத்துவிட்டார். வீட்டாரிடம் அதைத் திருப்பிச் சொல்வது கேட்டது, அவர்களும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, அவள் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.