வயிற்றெரிச்சல்

குவளைத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னும்," என்றாள் சிலேஷே. கசோன்டே மறுபடி மொண்டான். விடிந்ததிலிருந்து குடித்ததில் பாதி வாந்தியாகப் போய்விட்டது. அப்படியும் மனைவியின் தாகம் அடங்கவில்லை.

"போதும் அண்ணே, சுரங்கத்துக்கு நேரமாச்சுல்ல? கெளம்பு," என்றாள் அவன் முகத்தைப் பார்த்து.

அவளுடைய அண்ணன் சுரங்கத்தில் புதைந்து பல வருஷமாகிறது.

கதவோரம் நின்ற அவள் தங்கை புவால்யா வாயைப் பொத்திக்கொண்டாள். "செத்தவனக் கூப்பிடுறா பாருங்க அத்தான். இது நோயே இல்ல. பக்கத்து வீட்டு நமுகோண்டா வச்ச சூனியம். தெனமும் பால் கொண்டாந்து ஊத்துனாளே, சும்மாவா ஊத்துனா? நீங்க தகரக் கூரை போட்டதுல அவளுக்கு வயித்தெரிச்சல்."

"பால் கேட்டது உங்கக்காதான்."

"கேக்க வச்சிருப்பா."

ஒரு டாக்சி பிடித்து ந்டோலா நகரத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போனார்கள். சிலேஷேயின் தலை வழியெல்லாம் அவன் தோளில் துவண்டு கிடந்தது.

"என்ன மருந்து சாப்பிடுறாங்க?" என்று கேட்டாள் டாக்டர். சின்ன வயசுக்காரி.

"மருந்தெல்லாம் ஒண்ணுமில்லம்மா. கை முறிஞ்சப்போ எலும்புக்குன்னு குடுத்த மாத்திரைதான். சீக்கிரம் கூடட்டும்னு ரெண்டு மடங்கா முழுங்குவா."

"வேற?"

"வயிறு எரிஞ்சா மெல்லுற மாத்திரை... பெட்டிக்கடையில விக்குமே, புதினா வாசமா."

"எத்தனை?"

கசோன்டேக்குச் சொல்லத் தெரியவில்லை. சமைக்கும்போதும் மெல்லுவாள், சர்ச்சில் பாட்டுக்கு நடுவிலும் மெல்லுவாள். தீரத் தீர அவன்தான் வாங்கி வந்தான். இனிப்பாக இருக்கிற ஒன்றை யார் மருந்தென்று நினைத்தார்கள்?

ரத்தத்தைச் சோதித்துவிட்டுத் திரும்பி வந்த டாக்டர் உட்காரவில்லை. "ரத்தத்துல சுண்ணாம்புச்சத்து ரொம்ப ஏறிடுச்சு. ரெண்டு மாத்திரையிலயும் இருக்கிறது அதுதான். பாலும் சேர்ந்துடுச்சு. சிறுநீரகம் ரெண்டும் வேலை செய்யல. கொஞ்சம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா..."

வெயில் தாழும்போது, கல் தடுக்கியவள் நடைபோல சிலேஷேயின் இதயம் இரண்டு மூன்று முறை தடுமாறி நின்றுவிட்டது.

டாக்டர் சொன்னதில் புவால்யாவின் காதில் தங்கியது ஒரே சொல்தான். "பாலுன்னு டாக்டரே சொல்லிட்டா!" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்தச் சொல் அவர்களுக்கு முன்னாலேயே தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கசோன்டே அதைத் திருத்தவில்லை.

மறுநாள் துக்க வீட்டில் பெண்கள் உள்ளே தரையில் உட்கார்ந்து அழுதார்கள். ஆண்கள் முற்றத்தில் நெருப்பைச் சுற்றியிருந்தார்கள். சிலேஷேயின் சித்தப்பன் மகன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "மொதல்ல அடக்கம் முடியட்டும். அந்த நமுகோண்டா வீட்டுக் கூரை இன்னும் புல்லுதானே. ஒரு தீக்குச்சி போதும்."

யாரோ சிரித்தார்கள்.

அப்போதுதான் நமுகோண்டா வாசலில் வந்து நின்றாள். துக்க வீட்டுக்கு வெறுங்கையோடு வரக்கூடாது என்று தலையில் ஒரு கட்டு விறகு. உள்ளே அழுகை சட்டென்று நின்றது. சுமையை இறக்க ஒருவரும் எழவில்லை. அவள் கழுத்து நடுங்கியது.

கசோன்டே எழுந்தான்.

"புவால்யா, டாக்டர் சொன்னத முழுசாச் சொல்லு."

அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

"மாத்திரைன்னு சொன்னாங்க. அத வாங்கி வாங்கிக் குடுத்தது நான். கொளுத்துறதுன்னா இந்தத் தகரத்துக்குக் கீழ வந்து கொளுத்துங்கடா."

அவன் வாசலுக்குப் போய் விறகுக் கட்டைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டான். "உள்ள போங்க," என்றான். நமுகோண்டா நகரவில்லை. பெண்கள் உட்கார்ந்திருந்த கதவையே பார்த்தபடி நின்றாள்.

அவன் நெருப்பருகே குனிந்து விறகை ஒவ்வொன்றாக வைத்தான். ஈர விறகு. புகை எழுந்து எல்லார் முகத்திலும் அடித்தது. ஒருவரும் தள்ளி உட்காரவில்லை.