பவுனு மிதிக்கும் பிரேக்

பவுனுவின் வலது காலுக்குக் கீழே பிரேக் கிடையாது. கூலிப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்பின் தகரத் தரையும் அதன்மேல் ஒரு கிழிந்த ரப்பர் விரிப்பும்தான். ஆனாலும் இரண்டு வருஷமாக, கூடலூரில் ஏறிக் குமுளி மலையைத் தாண்டி ஏலத்தோட்டம் போகிறவரைக்கும், மறுபடி சாயங்காலம் இறங்கி வருகிறவரைக்கும், அந்தத் தரையை அவள் மிதித்துக்கொண்டேதான் இருந்தாள். வளைவு வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனது. டிரைவர் விஜயகுமார் வண்டியை மலைப்பக்கம் ஒடித்து மண்ணில் மோதி நிறுத்தினான். பக்கத்தில் இருந்த மூக்கம்மாளுக்குத் தோளில் காறை எலும்பு முறிந்தது, மற்றவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. எல்லாரும் இறங்கி அழுது ஓய்ந்த பிறகும் பவுனு மட்டும் உள்ளேயே உட்கார்ந்து காலை அழுத்திக்கொண்டிருந்தாள். வண்டி நின்றுவிட்டது, இறங்கு என்று நாலு பேர் சொல்லியும் கால் வரவில்லை. இவள் மிதித்துத்தான் வண்டி நின்றிருக்கிறது என்று யாரோ சொல்ல, அந்த நடுக்கத்திலும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேலி கேலியோடு போயிருந்தால் தேவலை. அன்றிலிருந்து டிரைவருக்கு நேர் பின்னால் இருக்கும் இடம் பவுனுவுக்கு என்றாகிவிட்டது. ஒரு நாள் காய்ச்சலென்று அவள் வராமல் போக, ஆறு பேர் மலையடிவாரத்து லோயர்கேம்ப்பிலேயே இறங்கி வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். கேட்டதற்குத் தலைவலி என்றார்கள். ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி.

மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் கல்லாக இறுகிப்போனது. தூக்கத்தில்கூட நரம்பு சுருட்டி இழுத்தது. ஏலக்காய் செடியின் தூரில், தரையோடு படர்ந்த சரத்தில் காய்க்கும். குத்தவைத்து உட்கார்ந்தால்தான் எடுக்க முடியும். பவுனுவால் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. ஒரு மாதம் பார்க்கிறேன், அதற்குமேல் வேறு ஆள்தான் என்று கங்காணி சொல்லிவிட்டார். புருஷன் இல்லாத வீடு, பெரியகுளத்தில் படிக்கிற மகள். பவுனுவுக்கு அந்த ஜீப்பைவிட்டால் வேறு போக்கிடம் இல்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பத்துக்குப் போனாள். அங்கே ஷெரின் என்று ஒரு சின்ன வயது பிசியோதெரபி டாக்டர். கெண்டைக்காலில் மூன்று வில்லைகளை ஒட்டி, வயரை ஒரு சின்னப் பெட்டியில் சொருகினாள். பெட்டி கீ என்று கத்தியது. அது பவுனுவின் தசை போடும் சத்தம், இறுக்கம் குறைந்தால் அதுவும் குறையும் என்றாள். முதல் நாள் பெட்டி விடாமல் கத்தியதில் பவுனுவுக்கு வெட்கமாகப் போயிற்று, ஊருக்கு நடுவில் தன் பயத்தை யாரோ மைக் வைத்துச் சொல்வதுபோல. காலை வேண்டுமென்றே இறுக்கிப் பிறகு விடச் சொன்னாள் ஷெரின். மூச்சை இழுப்பதைவிட நீளமாக வெளியே விடச் சொன்னாள். அப்படி எதைத்தான் மிதிக்கிறாள் என்று கேட்டபோது பவுனு ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்.

"ஒங்க காலுக்கும் அந்த வண்டிக்கும் சம்பந்தமே இல்லக்கா. அது ஒங்களுக்கே தெரியும்ல?"

"எனக்குத் தெரியுது டாக்டரம்மா. காலுக்குத்தான் தெரிய மாட்டேங்குது."

நாலாவது ஞாயிறு பெட்டி முனகி முனகி அடங்கியது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பவுனுவுக்கு ஏனென்று தெரியாமல் கண்ணீர் வந்தது. ஜீப்பிலும் இதே மாதிரி செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பினாள் ஷெரின்.

திங்கட்கிழமை காலை ஏற்றத்தில் செய்து பார்த்தாள். கைகூடியது. பாதம் விரிப்பின்மேல் சும்மா கிடந்தது, அதைப் பார்க்க அவளுக்கே புதுசாக இருந்தது. தோட்டத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள், எழுந்தாள், திரும்ப உட்கார்ந்தாள். செடி நிரையில் மூக்கம்மாளை முந்திக்கொண்டு போனாள். கங்காணி பார்த்துவிட்டு அடுத்த நிரைக்கு நகர்ந்தார்.

சாயங்காலம் குமுளி தாண்டி இறக்கம் தொடங்கியது. ஜீப்பில் பதினைந்து பெண்கள், அசைய ஒரு விரல் இடமில்லை. தொடையோடு தொடை ஒட்டி உட்கார்ந்திருந்த மூக்கம்மாளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"ஏத்தா, கால எங்கன வச்சிருக்க?"

மிதிக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருப்பதாகவும், மிதித்தால் இனி காய் எடுக்கவே முடியாமல் போய்விடும் என்றும் பவுனு மெதுவாகச் சொன்னாள். பேச்சும் சிரிப்புமாக வந்த வண்டி ஒரேயடியாக அடங்கிப்போனது. பின்னாலிருந்து ஒருத்தி, அப்படியென்றால் தன்னை இங்கேயே இறக்கிவிடச் சொன்னாள். மூக்கம்மாள் தன் தோளைத் தடவிக்கொண்டாள். பவுனு வெளியே பார்த்தபடி மூச்சை நீளமாக விட்டாள். கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சைப் பந்தலும் தென்னந்தோப்புமாகக் கிடந்தது. கால் தளர்வாகவே இருந்தது. விடக் கூடாது, இந்தத் தளர்வை மட்டும் விடக் கூடாது என்று சொல்லிக்கொண்டாள்.

விஜயகுமார் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். சட்டை முதுகோடு ஒட்டும்படி அவனுக்கு வேர்த்திருந்தது. அவன் காலுக்குக் கீழே நிஜப் பிரேக் இருந்தது.

"மிதிச்சிருங்கக்கா," என்றான், யாருக்கும் கேட்கக் கூடாதென்பதுபோல. "நீங்க மிதிச்சு வந்தாத்தான் எனக்குக் கை நடுங்காம இருக்கு."

எதிரே வளைவு வந்துகொண்டிருந்தது. பவுனு மிதித்தாள்.

கெண்டைக்கால் இறுகியதும் காதுக்குள் அந்தப் பெட்டி கத்தத் தொடங்கியது. அவளைத் தவிர அது யாருக்கும் கேட்கவில்லை. ஜீப் திரும்பியது. பதினாலு பெண்களும் மூச்சை நீளமாக வெளியே விட்டார்கள், ஷெரின் சொல்லிக்கொடுத்த அதே மாதிரி. பின்னால் பேச்சு மறுபடி தொடங்கியது. மூக்கம்மாள் அவள் தோளில் தலையைச் சாய்த்து, அடுத்த வளைவு வருவதற்குள் தூங்கிப்போனாள்.