பதினேழாம் எண்ணில் ஒரு புங்கமரம்

விரல் ஒன்று வரைபடத்தின் மேல் போய்க்கொண்டிருக்கிறது, சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்துப்போன விரல், ரேஷன் கடை நீலமாக இருக்கிற இடத்தில் கிளம்பி, அடிபம்பைத் தாண்டி, கோவிலின் சிவப்பைத் தாண்டி, அப்புறம் மஞ்சள் மஞ்சளாக ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கிற வீடுகளின் மேல் ஏறி, பதினொன்று, பன்னிரண்டு என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே நகர்கிறது, நான் பக்கத்தில் நிற்கிறேன், அந்த விரல் எங்கே போய் நிற்கப் போகிறது என்று அந்தச் சத்துணவுக் கூடத்தில் எனக்குத்தான் தெரியும், தெரிந்தும் அதைப் பிடித்து நிறுத்த எனக்குக் கை வரவில்லை, பதினைந்து, பதினாறு, அதற்கு அடுத்த கட்டத்தில் வீடு இல்லை, மரம் இருக்கிறது, பச்சையில், வட்டமாக, பறவை மேலே பறந்தபடி பார்த்தால் மரம் எப்படித் தெரியுமோ அப்படி, நான் போட்ட மரம்.

அது மூன்றாவது செமஸ்டர், நகரமைப்புப் படிப்பில் மற்ற மூன்று செமஸ்டர்களையும் சேர்த்துப் பிழிந்தால் வருகிற வேலை அந்த ஒன்றில் இருக்கும் என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள், பயமுறுத்துகிறார்கள் என்று நினைத்தோம், காலையில் சிக்னலில் நின்று ஷேர் ஆட்டோக்களை நான்கு கோடும் குறுக்கே ஒரு கோடுமாக எண்ணுவது, பத்து மணிக்குக் கட்டட விதிகள், பதினொன்றரைக்குப் புள்ளியியல், மதியம் கம்ப்யூட்டர் லேப், அங்கே பாதி மெஷின்கள் வரைபடத்தைத் திறக்கும்போதே மூச்சை விட்டுவிடும், இத்தனைக்கும் நடுவில் எல்லாவற்றையும் விழுங்குகிற ஸ்டூடியோ, வரைபட வேலை நடக்கிற அறை, பெரிய ஊர்களை எப்படி வைப்பது என்று படிக்க வந்த இருபது பேரால் அந்த ஒரு அறைக்குள் மேசைகளை எப்படிப் போடுவது என்று கடைசி வரை ஒத்துப்போக முடியவில்லை, ஜன்னல் ஓரம் யாருக்கு என்று நடந்த சண்டையில் இரண்டு பேர் இன்றைக்கும் பேசுவதில்லை, அந்தச் சண்டை எப்படித் தொடங்கியது என்று விவரமாகத் தெரிந்தது எனக்குத்தான், எனக்கு அந்தப் புத்தி சின்ன வயதிலிருந்தே உண்டு, யார் யாருடைய பென்சில் பெட்டியைக் கேட்காமல் திறக்கிறார்கள் என்பதை வைத்தே வகுப்பில் இரண்டு காதல்களைக் கண்டுபிடித்தேன், ஒன்று சம்பந்தப்பட்டவர்களுக்கே அப்போது தெரியாது. அம்புஜவல்லி மேடம் ஸ்டூடியோவுக்குத் தலைவி, கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர், ஒருநாள் நான் இந்த மாதிரி ஒரு சேதியைப் பரப்பிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று, உன் வாய்க்கு இந்த ரூம் பத்தல, ஒரு தெருவே வேணும், இந்தா வெச்சுக்கோ, என்று ஓடைக்கரைத் தெருவை என்னிடம் கொடுத்தார், கொடுத்தபோது எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

கால்வாயை ஒட்டி நூற்று நாற்பத்திரண்டு கதவுகள், நாற்பது வருடமாக அங்கேயே இருக்கிற ஜனம், ஒருத்தருக்கும் பட்டா கிடையாது, இப்போதுதான் ஓர் அலுவலகம் மனம் இரங்கிப் பட்டா கொடுக்க முன்வந்து, வீடு வீடாகக் கணக்கெடுத்து வரைபடம் போட்டுத் தரும்படி எங்கள் கல்லூரியைக் கேட்டிருந்தது, எங்கள் தாளில் எந்த மனை மஞ்சளாக இருக்கிறதோ அந்த மனைக்குப் பட்டா, இதை முதல் நாளே சொன்னார்கள், நாங்கள் நோட்டில் எழுதிக்கொண்டோம், நான் அடிக்கோடுகூடப் போட்டேன். என்னோடு வந்தவன் ஜெபக்குமார், திருச்செந்தூர்ப் பக்கம், கேள்வி கேட்கவே கூச்சப்படுவான், எத்தனை பேர் சாப்பிடுறீங்க என்று கேட்பதற்குள் அவன் காது சிவந்துவிடும், அதனால் அளவு டேப் பிடிப்பது அவன், பேசுவது நான், நாற்பத்தொரு கேள்விகள் உள்ள படிவம், மற்றவர்கள் நாற்பத்தொன்றோடு நிறுத்திக்கொண்டார்கள், என் படிவங்களைப் பார்க்க வேண்டுமே, ஓரமெல்லாம் நுணுக்கி எழுதியிருக்கும், எட்டாம் நம்பர் மருமகள் தனி அடுப்பு, இருபத்திரண்டாம் நம்பர்க்காரர் மிலிட்டரி என்று சொல்லிக்கொள்வது பொய், வாட்ச்மேன்தான் என்று, மேடம் படித்துவிட்டு இது சர்வேயா சீரியலா என்று கேட்டார், ஆனாலும் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

பதினேழாம் எண்ணில் பூட்டு. செவ்வாய் போனோம் பூட்டு, வியாழன் போனோம் பூட்டு, அடுத்த திங்கள் மூன்றாம் தடவை, அதே பூட்டு, மூன்று தடவையும் பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் விசாரித்துப் போட வேண்டும் என்பது விதி, படிவத்துக் கட்டத்தில் மூன்று என்று போட்டால் வீடு பூட்டியிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வந்து பார்க்க வேண்டும் என்று அர்த்தம், நான்கு என்று போட்டால் குடியில்லாத காலி வீடு, அதோடு முடிந்தது. பக்கத்து வீட்டுத் தனபாக்கியம் அக்கா வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள், என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, ஒரே ஜாதிப் பறவைகள் நாங்கள், முதல் நாளே கண்டுகொண்டிருந்தோம், அவளா, ரூபாவதியா, என்று கத்தியைக் கீழே வைத்தாள், அவ எங்கம்மா கீறா, மாசம் ஒண்ணுக்கு மேல ஆச்சு, அந்தக் கொத்தனாரு ஒருத்தன் வந்து போய்க்கினு இருந்தான், ஒருநாளு ஆட்டோ எட்தாந்தான், இவ பொண்ணையும் தூக்கிக்கினு ஏறிட்டா, அக்கம்பக்கத்துல ஒரு வார்த்த சொல்லல, நான் இன்னா கேக்கப்போறேன், போனவ போனவதான், என்றாள், நெத்திலித் தலைகள் ஒரு பக்கமும் உடல்கள் ஒரு பக்கமுமாகப் பிரிந்து கிடந்தன, நான் படியில் உட்கார்ந்து மேலும் இரண்டு கேள்வி கேட்டேன், படிவத்தில் இல்லாத கேள்விகள், கொத்தனாருக்கு எந்த ஊர், கல்யாணமானவனா, என்று. ஜெபக்குமார் அந்தப் பக்கம் கதவருகில் நின்றுகொண்டிருந்தான், பூட்டுல துரு ஏறல, எண்ணெ போட்டு வச்சிருக்காவ, ஞாயித்துக்கெழம இன்னொருக்க வந்து பாப்பமே, என்றான், திங்கட்கிழமை டிராஃபிக் சப்மிஷன் இருக்கு, அதை உன் தாத்தாவா எழுதுவார், என்றேன் நான், நான்கு என்று போட்டேன், ஓரத்தில் கொத்தனாரையும் எழுதினேன், கையெழுத்துப் போட்டேன், என் கையெழுத்து நன்றாக இருக்கும், வளைவுகள் அதிகம்.

அதற்கப்புறம் நாட்கள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தன, எது முன்னால் எது பின்னால் என்று இப்போது பிரித்தெடுக்க முடியவில்லை, பெரிய தாளில் அச்சடிக்கிற பிளாட்டர் முன்னால் வரிசை, மஞ்சள் மை தீர்ந்துபோய் ஒரு தெரு முழுக்க இளநீலமாக வந்தது, புள்ளியியல் வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினேன், தூக்கத்துக்குள்ளும் ஓடைக்கரைத் தெரு, கதவுகளில் எண்கள், ஒன்று, இரண்டு, மூன்று, தட்டினால் உள்ளே இருக்கிறவர்கள் மஞ்சளாக வருகிறார்கள், படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு எழுத்துப் பிழை என்கிறார்கள். மேடம் தாளின் முன் நின்று, வெள்ளையா ஒரு மனை இருக்கக் கூடாது, அது என்னன்னு ஊருக்கே சொல்லத்தான் உங்களை அனுப்பினது, என்றார், பதினேழாம் எண் மட்டும் வெள்ளையாக இருந்தது, காலி வீட்டுக்கு என்ன நிறம் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை, தெரு திரும்புகிற மூலையில் கால்வாயைப் பார்த்த மனை, குழந்தைகள் விளையாட ஓர் இடம்கூட இந்தத் தெருவில் இல்லையே என்று வாரம் முழுக்க நாங்கள் தவித்துக்கொண்டிருந்தோம், பச்சை அடித்தேன், நடுவில் ஒரு மரம் வைத்தேன், அவ்வளவு நேரமும் வடிவக் கணிதம் மாதிரி இருந்த தாளுக்குத் திடீரென்று உயிர் வந்ததுபோல் ஆயிற்று, உண்மையாகவே அழகாக இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பொய். மதிப்பெண் போடுகிற ஜூரிக்கு வெளியிலிருந்து வந்த பெரியவர் நேராக அந்த மரத்தின் மேல் பேனாவை வைத்தார், இது என்ன மரம்மா, என்றார், வாயில் வந்தது புங்கமரம், கால்வாய் ஓரத்துக்கு ஏத்தது சார், என்றேன், இந்தப் பொண்ணுக்கு இடம் தெரியுது, என்று மேடத்திடம் சொன்னார், அன்றைக்கு எங்கள் குழுவுக்குத்தான் முதல் மதிப்பெண், கேன்டீனில் எல்லோருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தேன், ஜெபக்குமார் தன் போண்டாவைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தான், யாரோ ஒருத்தி இவனை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள் என்று நானாக ஒரு கதை கட்டினேன்.

செமஸ்டரின் கடைசி வாரம், அலுவலகத்திலிருந்து கூட்டம் போட்டார்கள், சத்துணவுக் கூடத்துச் சுவரில் எங்கள் வரைபடம், அவரவர் வீட்டைப் பார்த்து ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளில் எழுதிக் கொடுக்கலாம், தெருவே வந்திருந்தது, இருபத்திரண்டாம் நம்பர்க்காரர் மிலிட்டரி விறைப்போடு தன் மஞ்சளைத் தொட்டுப் பார்த்தார், நான் பெருமையோடு நடமாடிக்கொண்டிருந்தேன், தனபாக்கியம் அக்கா என் முழங்கையைக் கிள்ளி ஓரமாக இழுத்தாள், அந்தப் பதினேழு வந்துட்டாம்மா, என்றாள், முந்தாநேத்து வந்தா, ஒண்டியா வந்தா, பொண்ணு போய்டிச்சாம், ரத்தத்துல ஏதோ வியாதியாம், ரெண்டர மாசம் ஆஸ்பத்திரி வராண்டாவுலயே கெடந்துக்கீறா, கொத்தனாருன்னு சொன்னேனே, அது அவ கூடப் பொறந்த தம்பியாம், அவன் எப்பவாச்சும் ராவுல வந்து பூட்டத் தொறந்து துணிமணி எட்த்துக்கினு போவானாம், நமக்கு இன்னா தெரியும், என்று, சொல்லும்போது அதே குரல், அதே ருசி, ஒன்றும் குறையவில்லை, சொல்லி முடித்ததும்தான் முந்தானையை வாயில் வைத்து அழுதாள், நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், கண்ணாடியில் பார்க்கிறதுபோல் இருந்தது, அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு மெலிந்த பெண் வரைபடத்தின் முன் வந்து நின்றாள், விரலை ரேஷன் கடையின் மேல் வைத்தாள்.

இது இன்னாமா இது, என்று என்னைக் கேட்டாள், கழுத்தில் கல்லூரி அட்டை தொங்குகிறதே, என்னைத்தான் கேட்பாள், மரம்க்கா, என்றேன், இன்னா மரம், என்றாள், புங்கமரம், என்றேன், அதே பதில், ஜூரிக்குச் சொன்ன அதே பதில், அவள் சற்று நேரம் அந்தப் பச்சை வட்டத்தைப் பார்த்தாள், நெழலு நல்லாதான் இருக்கும், என்றாள், எங்க ஊடு எங்கம்மா.

பட்டாப் பட்டியல் வந்தபோது அவள் பெயர் அதில் இருந்தது, அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், மரத்தை எடுத்துவிட்டு மனையை மஞ்சளாக்கினார்கள், ஆனால் அதற்கு ஏழு வாரம் ஆயிற்று, அந்த ஏழு வாரமும் தெருவில் எல்லோரும் சுவரில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்க அவள் மட்டும் கால்வாயைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள் என்று தனபாக்கியம் சொன்னாள், அதை மட்டும் நான் யாருக்கும் சொல்லவில்லை. கணக்கெடுத்த ஆளே கணக்கெடுத்த தேதிக்கு உரிய நிலவரப்படி புதுப் படிவம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள், நான் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன், கொத்தனார் உட்பட, திட்டுவார் என்று நின்றேன், அவர் என் பழைய படிவத்தை எடுத்து ஓரத்தில் எழுதியிருந்ததைப் படித்தார், முன்பு ஒரு தடவை அதைப் படித்துச் சிரித்திருக்கிறார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது, போய் எழுதிட்டு வா, இந்தத் தடவை அவங்க சொல்றத மட்டும், என்றார்.

போகிறேன், ஞாயிற்றுக்கிழமை, பத்து மணி, ஜெபக்குமாரும் வருகிறேன் என்கிறான், வேண்டாம் என்கிறேன், பதினேழாம் எண் திறந்திருக்கிறது, எத்தனை தடவை அந்தக் கதவைத் தூக்கத்தில் தட்டியிருக்கிறேன், சில நாள் மரத்தைத் தட்டியிருக்கிறேன், உள்ளேயிருந்து யாரோ செருப்பில்லாமல் நடந்து வருகிற சத்தம் கேட்கும், இன்று தட்ட வேண்டியிருக்கவில்லை, ரூபாவதி பிளாஸ்டிக் ஸ்டூலைத் துடைத்துப் போடுகிறாள், தண்ணீர் கொடுக்கிறாள், அக்கா, நான்தான் காலின்னு எழுதினது, பக்கத்துல சொன்னத வெச்சு எழுதிட்டேன், என்கிறேன், தெரியும், அவ சொன்னா, என்கிறாள், நீ கேளு, கேக்க வந்தத கேளு. வீடு சொந்தமா, எத்தனை வருடம், கூரை என்ன, கேட்கிறேன், ஓடுகிறது பேனா, ஏழாம் கேள்வி, குடும்பத்தில் எத்தனை பேர், கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாமோ என்று தலையைக் குனிந்துகொள்கிறேன், அவள் என்ன தேதிக்கு என்கிறாள், ஆகஸ்ட் பதினொண்ணு, நாங்க முதல்ல வந்த அன்னிக்கு, என்கிறேன், அவள் விரல்களை மடக்கி எதையோ எண்ணுகிறாள், ஆகஸ்ட் பதினொண்ணு அவ பாயில உக்காந்து இட்லி துன்னா, ஒண்ணரை இட்லி, ரெண்டு பேருன்னு எழுதும்மா, என்கிறாள். எழுதினேன். பெயர் கேட்டேன், தெருவில் அத்தனை பேர் வீட்டுச் சங்கதியும் தெரிந்த எனக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கவில்லை, மோனிஷா, என்றாள், பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு, அடுத்த கட்டத்தில் படிக்கிறார், நின்றுவிட்டார் என்று இரண்டு, ஒன்றில் டிக் போட வேண்டும், பேனா இரண்டுக்கும் நடுவில் நின்றது, இன்னா கேக்குது அதுல, ரெண்டையும் படிச்சுக் காட்டு, என்றாள், படித்தேன், ஸ்கூலுக்கு லீவு லெட்டர்தான் குடுத்துக்கினு போனோம், என்றாள், டீச்சரு வாங்கி வெச்சிக்கினாங்க, நின்னுடல. படிக்கிறார் என்பதில் டிக் போட்டேன். அவள் எழுந்து வந்து என் தோளுக்கு மேலாகக் குனிந்து, படிக்கத் தெரியாதவள், எந்த வரி என்று கேட்டு, அந்தப் பெயரின் மேல் விரலை வைத்தாள், ஜெல் பேனா, காயவில்லை, கலைஞ்சிடும்க்கா, என்றேன், அவள் எடுக்கவில்லை.